வெட்டாமல் வைத்த விரிப்பு

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கல்யாணப் பெண்ணும் சுகம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், விமான டிக்கெட்டை நீ ரத்து செய்ய வேண்டாம். அந்தப் பணம் இனி மேசை அலங்காரத்துக்குத் தேவையில்லை. போனில் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்பாய், அதனால்தான் எழுத்திலேயே தருகிறேன்.

அலங்காரக்காரர் கேட்ட தொகையைச் சொல்லி அன்றைக்கு உன்னிடம் புலம்பியிருக்கவே கூடாது. நான் வரவில்லை அப்பா, அந்தக் காசில் தங்கச்சிக்கு மேசைகளை ஜோடித்துவிடுங்கள் என்று நீ சொன்னாலும் சொன்னாய், சின்னவள் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போக ஆரம்பித்தாள். அக்கா இல்லாவிட்டால் எனக்கு வெறும் பலகையே போதும் என்றாள். நானோ மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒவ்வொரு மேசையும் ஜோராக இருக்கும் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் என்று அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

இத்தனை வருஷமாகத் தையல் மெஷினை மிதிக்கிறவன், மேசை நடுவில் போடும் நீள விரிப்பை வாடகைக்கு எடுப்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மண்டபத்துக்குப் போய் மேசையை அளந்து வந்து, கடையில் மிஞ்சிக் கிடந்த பச்சை லைனிங் துணியைத் தைக்க உட்கார்ந்தேன். பாதி மேசைகளுக்குத் தைப்பதற்குள் துணி தீர்ந்துபோனது. கடைத்தெரு முழுக்க அலைந்தும் அதே பச்சை கிடைக்கவில்லை. பழையபடி அலங்காரக்காரர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும், உன் டிக்கெட் போனது போனதுதான் என்று நினைத்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

தைத்த வரைக்குமாவது போட்டுப் பார்ப்போம் என்று நேற்று அம்மா என்னை மண்டபத்துக்கு இழுத்துப் போனாள். ஒன்றை விரித்தால் இரண்டு பக்கமும் தரையில் புரள்கிறது. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மேசைக்கு பேன்ட் தைச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் அளந்த அன்று வேறு யார் விசேஷத்துக்கோ இரண்டிரண்டு மேசையாகச் சேர்த்து ஒரே துணியால் மூடியிருந்திருக்கிறார்கள். ஆட்களைச் சட்டையோடு அளந்தே பழகிய கைக்கு மேசைத் துணியைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. மானமே போனது. ஆனால் அடுத்த நிமிஷமே புரிந்துவிட்டது, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி ஓரம் அடித்தால் எல்லா மேசைக்கும் வந்துவிடுகிறது. இருவரும் அங்கேயே உட்கார்ந்து சிரித்தோம், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மண்டப மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பூவுக்கும் கவலையில்லை. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் காலி கண்ணாடிப் பாட்டில்களைக் கொடுத்திருக்கிறார். அம்மா அவற்றைக் குளியலறை வாளிகளில் ஊறவைத்து லேபிள்களை உரிக்கிறாள், வீட்டில் குளிக்கத்தான் இடமில்லை. ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு பூவும் கொஞ்சம் இலையும் போதும், உயரமாக வைத்தால் எதிரே இருப்பவர் முகம் மறையும் என்று பூக்கடை அம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு மேசைக்கும் ஒன்று கேட்டிருக்கிறார், இனி என்னைக் கையில் பிடிக்க முடியாது.

நீ அங்கிருந்து எதையும் வாங்கிச் சுமந்து வராதே. கல்யாணத்துக்கு உனக்கு உடுப்புத் தைக்க அளவு மட்டும் உடனே அனுப்பு, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அளக்கச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள், எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒரு விரிப்பை மட்டும் நான் வெட்டவில்லை. நம் வீட்டார் உட்கார இரண்டு மேசையைச் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன். மூன்று பேருக்கு ஒரு மேசை போதும், நீ வந்தால்தான் சேர்த்த மேசை நிறையும், அந்த விரிப்பை வெட்ட எனக்கு மனசில்லை.

கத்தரிக்கோலை எட்ட வைத்துவிட்டுக் காத்திருக்கும்,
அப்பா