தேர்தல் முடியட்டும், அக்கா

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஐம்பத்தாறு பேருக்கு ரத்தம் எடுத்தேன். கட்டைவிரல் மரத்துவிட்டது. பேனாவே நழுவுகிறது.

மஞ்சள் காமாலை மூன்று. முகவரி எழுதும்போதுதான் கவனித்தேன், மூன்றும் பின்தெரு. அடுத்தடுத்த வீடுகள் வேறு. பரிசோதனைக்கூட டாக்டரிடம் சொன்னேன். "தண்ணியைப் பாருங்கம்மா" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.

மாலை கிளைக் கூட்டம். கிளைச் செயலாளர் என்று பெயர்தான் பெரிது, நாற்காலி துடைத்துப் போடுவதும் நான்தான். வந்தது ஒன்பது பேர். தையல்காரர் டீ வாங்கி வந்து, "கட்சி வளருதோ இல்லையோ, டீக்கடை வளருது" என்றார்.

மார்ச் 6

இன்னும் இரண்டு. அதே தெரு.

வேலை முடிந்து நேராகப் பின்தெருவுக்குப் போனேன். தெருக்கோடியில் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே இறங்கி மறுபக்கம் ஏறுகிறது. இணைப்பு இருக்கும் இடத்தில் சாக்குத் துணி சுற்றியிருக்கிறார்கள். தண்ணீர் வராத நேரத்தில் குழாய் எதை உறிஞ்சும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு பாட்டிலில் பிடித்து மோந்து பார்த்தேன். போதும்.

மார்ச் 7

எங்கள் கட்சிக் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்தேன். நோயாளி எண்ணிக்கை, குழாய் எங்கே உடைந்திருக்கிறது, எல்லாம். நான் எதைக் கொடுத்தாலும் நகலில் கையெழுத்து வாங்குவேன் என்பது அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டார். பிறகுதான் படித்தார். முகம் மாறியது.

"அக்கா, இருபத்திரெண்டாம் தேதி கட்சியில நகரச் செயலாளர் தேர்தல். நான் நிக்கறேன்னு உங்களுக்குத் தெரியும். இப்போ இது வெளிய வந்தா எதிர்கோஷ்டி என்னை உரிச்சுடும். தேர்தல் முடியட்டும், அக்கா. மறுநாளே பைப்பை மாத்தறேன். என் மேல நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இருந்தது. நாலு வருடம் முன்பு செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்த பையனை, "இவன் நம்ம ஆளு, கூப்பிட்ட குரலுக்கு வருவான்" என்று வீடு வீடாக அழைத்துப் போனவள் நான். வெயிலில் இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்தோம். அவன் ஜெயித்தபோது என் வீட்டில்தான் முதலில் சாப்பிட்டான்.

சரி என்றேன். பதினைந்து நாள்தானே.

மார்ச் 8

நகலைப் பீரோவில் வைத்துவிட்டேன். பையில் இருந்தால் கனக்கிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 11

உறுப்பினர் சீட்டு கொடுக்க நானும் தையல்காரரும் பின்தெருவுக்குப் போனோம். சலவைக்கடைக்காரர் மருமகள் வாசலில் நின்று கூப்பிட்டாள். ஏழாம் மாதம். அந்தத் தெருவில் எனக்கு ஊசியக்கா என்று பெயர், வைத்தது அவள்தான்.

"ஊசியக்கா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதே. குடிக்கலாமா?"

"குழாய்ல ஏதோ வேலை பார்த்தாங்க, அதான். ஒண்ணும் இல்லம்மா, நல்ல தண்ணிதான்."

இப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

கொதிக்கவைத்துக் குடி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று ஒருத்தி கேட்டால் தெருவே கேட்கும். அந்த நேரத்தில் இவ்வளவும் மனதில் ஓடியதா? ஓடியது. பொய் எழுத இந்த நோட்டு எதற்கு?

மார்ச் 15

எங்கள் வீட்டில் ஒரு வாரமாகக் கேன் தண்ணீர். இவர்தான் வாங்கி வந்தார். நகராட்சியில் ஒப்பந்த ஓட்டுநர், தண்ணீர் லாரிதான் ஓட்டுகிறார். "ஏன் திடீர்னு கேன்?" என்று கேட்டதற்கு "எனக்கு வயிறு சரியில்ல" என்றேன்.

மார்ச் 21

கட்சித் தேர்தலை ஏப்ரல் பன்னிரண்டுக்குத் தள்ளிவிட்டார்கள்.

கவுன்சிலரிடம் போனில் கேட்டேன். "தம்பி, எங்க கணக்குல மொத்தம் பதினாலு பேர் ஆயிடுச்சு." அவர் பக்கம் ஒரே இரைச்சல். "இன்னும் மூணு வாரம்தானே அக்கா. நீங்களே பதறினா எப்படி?"

பதறவில்லை. பதறியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 3

வரிசையில் இருபத்தேழாவது அவள். மாமியார் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் முதலில் பார்ப்பேன், அது பழக்கம். உள்ளங்கை மஞ்சள். நிமிர்ந்தேன். கண்ணும்.

"ஊசியக்காவா? அப்ப வலிக்காது" என்று மாமியாரிடம் சொன்னாள்.

நரம்பு கிடைக்கவில்லை. இருபத்தோரு வருட வேலையில் இரண்டு தடவை குத்தியது ஒரு கை எண்ணிக்கைதான். இன்று மூன்று தடவை குத்தினேன்.

முடிவு வந்ததும் நானே ஆட்டோ வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கர்ப்பிணிகளை இந்தக் காமாலை சும்மா விடாது என்று எனக்குத் தெரியும். போன மாதமும் தெரியும்.

ஏப்ரல் 9

போய்விட்டாள். பகல் பன்னிரண்டரைக்கு. வயிற்றில் இருந்ததும்.

ஏப்ரல் 10

என்னத்தை எழுத.

ஏப்ரல் 11

டாக்டரிடம் கேட்டேன், யாருக்கோ கேட்கிற மாதிரி. "கிருமி உள்ள போய் வெளிய தெரிய ரெண்டு வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். எப்போ குடிச்சாங்கன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார்.

ஆக, நான் பொய் சொல்வதற்கு முன்பே அவள் குடித்திருக்கலாம். இதைக் கேட்டதும் நெஞ்சில் ஏதோ லேசானது. லேசானதை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது. முன்பே குடித்திருக்கலாம், சரி. குடிக்காமலும் இருந்திருக்கலாமே? பிறகு குடித்த ஒவ்வொரு டம்ளரும் நான் நல்ல தண்ணி என்று சொன்ன பிறகு குடித்ததுதானே?

ஏப்ரல் 13

நேற்று கவுன்சிலர் நகரச் செயலாளர் ஆகிவிட்டார். இன்று காலை துக்கம் விசாரிக்க வந்தார், பின்னால் இருபது பேர். படத்துக்கு வைக்கக் கொண்டுவந்த மலர்வளையம் பெரியது, ஒருத்தரால் பிடிக்க முடியாது. "அக்கா, அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். பிடித்தேன்.

சலவைக்கடைக்காரரின் கையைப் பற்றிக்கொண்டு, "எனக்குத் தெரியவே தெரியாதே அண்ணே. ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா?" என்றார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மிரட்டும் பார்வை இல்லை. உனக்கும் எனக்கும்தான் தெரியும் என்கிற பார்வை.

வளையத்தின் கம்பி உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருந்தது. விடவில்லை நான். நின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 15

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"கேன் தண்ணி அதுக்குத்தானா?"

ஆமாம் என்றேன். கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, "இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? செத்தவ வருவாளா? என் வேலை அவன் கையில இருக்கு. வாயை மூடிக்கிட்டு இரு" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஒரு மாதமாக நான் செய்ததும் அதைத்தானே.

ஏப்ரல் 20, ஞாயிறு

கிளைக் கூட்டம். கவுன்சிலரே வந்திருந்ததால் பதினேழு பேர் வந்துவிட்டார்கள். தீர்மானம் கொண்டுவந்தேன்: பின்தெருத் தண்ணீர் பற்றி மார்ச் ஏழாம் தேதியே எழுத்தில் தெரிவித்தும் நடவடிக்கை எடுக்காததற்குக் கவுன்சிலர் கிளைக்கு விளக்கம் தர வேண்டும். தெரிந்தும் மக்களிடம் மறைத்ததற்குக் கிளைச் செயலாளரும் விளக்கம் தருவார்.

படித்து முடித்துத் தாளை மடித்தேன்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன். அவர் போனை எடுத்து எல்லாரையும் படம் பிடிக்க ஆரம்பித்தார். "பதிவுக்கு வேணும்ல" என்றார், சாதாரணமாக. உயர்ந்த மூன்று கை இறங்கியது. காலையில் என் வீட்டுக்கே வந்து "நான் இருக்கேன், தைரியமா கொண்டாங்க" என்று சொன்ன தையல்காரரின் கை பாதிவரை போய், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தது.

ஆதரவு: ஒன்று. என் கை.

ஏப்ரல் 24

இவருக்கு லாரி இல்லை. "வண்டி ரிப்பேர், கூப்பிடும்போது வாங்க" என்றார்களாம். வண்டி எங்கள் வாசல் வழியாகவே போகிறது, வேறு ஆள் ஓட்டுகிறார்.

என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வேண்டுமா என்றால் தலையாட்டுகிறார்.

ஏப்ரல் 29

கட்சியின் மாவட்ட அலுவலகத்தில் என் மேல் விசாரணை. விசாரித்தவர் பெரியவர், மரியாதையானவர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். டம்ளரை நான் தொடவில்லை.

"நோய் பரவுதுன்னு உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"மார்ச் ஆறு."

"மக்கள்கிட்ட எப்ப சொன்னீங்க?"

"சொல்லல."

"கேட்டவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"நல்ல தண்ணின்னு."

அவர் பேனாவை மூடினார். "அப்ப தப்பு யார் மேலம்மா?"

நகலைக் காட்டினேன். படித்தார், திருப்பிப் படித்தார். "இது உட்கட்சி விஷயம். தாள் எங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். நான் கொடுக்கவில்லை. "நீங்க பொறுப்பை ஏத்துக்கிட்டு ஒதுங்கிட்டா உங்க வீட்டுக்காரர் வேலை பத்திப் பேசலாம்" என்றார். நான் என் பொறுப்பை ஏற்கிறேன், என்னோடது மட்டும் என்றேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் சரியான கேள்வி. ஒரு ஆளிடம் மட்டும் கேட்டார், அவ்வளவுதான்.

மே 3

நீக்கிவிட்டார்கள். காரணம்: "பொதுமக்களுக்குத் தவறான தகவல் தந்து கட்சிக்குக் களங்கம் விளைவித்தமை." முதல் பாதி உண்மை. கிளைச் செயலாளர் இனி தையல்காரர்.

மே 6

சலவைக்கடைக்குப் போனேன். நடந்ததைத் தேதிவாரியாக இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, "பெற்றுக்கொண்டேன்" நகலையும் எடுத்துக்கொண்டு.

அவருக்குச் சரியாகப் படிக்க வராது. "நீங்களே படிங்க" என்றார். நின்றபடி படித்தேன். மார்ச் பதினொன்று வந்தபோது நிறுத்தினேன். காத்திருந்தார். மறுபடி படித்தேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். "இவளை வெளிய போகச் சொல்லுங்க. மலர்வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே அன்னிக்கு! எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு? வாசல்ல நின்னு எம்புள்ள உன்னைத்தானே கேட்டா!" நிற்க மட்டும்தான் முடிந்தது.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "கொதிக்க வெச்சிருந்தா போதுமா?"

"போதும்."

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தவே இல்லை.

தாளையும் நகலையும் மேஜையில் வைத்தேன். "இதை வெச்சு வழக்குப் போடலாம். என் மேலயும் சேர்த்துத்தான் போடணும்" என்றேன். கருணை கேட்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து, மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கணுமா? தெரியல. இப்பவும் தெரியல.

மே 19

பின்தெருவில் புதுக் குழாய் பதிக்கிறார்கள். இரண்டே நாளில் முடிந்துவிடுமாம். இரண்டே நாள் வேலை! தெருமுனையில் நகரச் செயலாளர் படம் போட்ட பேனர்: "சொன்னதைச் செய்தோம்."

மே 30

இவருக்கு ஒரு பள்ளிக்கூட வேன் கிடைத்திருக்கிறது. காலையும் மாலையும். நேற்று சாப்பிடும்போது, "பிள்ளைங்க கத்துற கத்துல காது போயிடும் போல" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஜூன் 17, செவ்வாய்

பரிசோதனைக்கூடத்துக்கே கோர்ட் ஆள் வந்துவிட்டார். கையுறையைக் கழற்றி உறையைப் பிரித்தேன். மனுதாரர், சலவைக்கடைக்காரர். எதிர்மனுதாரர்கள்: ஒன்று நகராட்சி ஆணையர், இரண்டு பொறியாளர், மூன்று கவுன்சிலர். நாலாவது நான்.

மூன்றாவது பெயரை இரண்டு தடவை படித்தேன். விரலை வைத்துக்கூடப் பார்த்தேன். இருந்தது.

ரசீது போடும் பெண் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டாள். "அக்கா, உங்க மேலயா கேஸு? நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க! அநியாயமா இருக்கே."

"இல்லம்மா. சரியாத்தான் போட்டிருக்கார்."

வீட்டில் இவரும் படித்தார். "வக்கீல் வைக்கணுமா?"

"வேண்டாம். கேட்டா சொல்லிடுவேன்."

"அவன் ரெண்டு வக்கீல் வெச்சுட்டானாம்" என்றார். உறையை மடித்துக் கொடுத்துவிட்டு, "எத்தனை மணிக்குப் போகணும்? வேனை விட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

ஜூலை மூன்று, வியாழக்கிழமை, பத்தரை மணி. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.