உப்புப் போட்ட அப்பம்

ஜூன் 7, வெள்ளி

ஆண்டவரே, மன்னியும். முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மா உம்மிடம் வந்து ஒரு மாதம். வீட்டில் பேச்செல்லாம் என் வழியாகத்தான். திருவிருந்தில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பதா, ஆளுக்கொரு சின்னக் கிண்ணமா என்று சபை இரண்டானதிலிருந்து அப்பாவும் அண்ணனும் பேசுவதில்லை. அப்பா கிண்ணக்காரர், காலையில் பழைய கோவிலுக்குப் போவார். அண்ணன் பாத்திரக்காரன், தையல் கடை மாடியில் மாலைக் கூட்டம்.

"உங்கண்ணன்கிட்ட மோட்டார் போடச் சொல்லு." அண்ணன் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறான்.

வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படித்த பெண், எது சரி என்று நீயே சொல் என்பார்கள் இருவரும். நான் தட்டுக் கழுவப் போய்விடுவேன்.

ஜூன் 8, சனி

இரண்டு சபைக்கும் அப்பம் சுட்டது அம்மாதான். ஒரே மாவு, இரண்டு டப்பா. கோவிலில் மணியடிப்பவரும் மாடிக் கூட்டத்துப் பாஸ்டரம்மாவும் தனித்தனியாக வந்து பின்வாசலில் வாங்கிப்போவார்கள். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இது தெரியாது.

இந்த ஒரு மாதமும் இரண்டு சபையிலும் கடை ரொட்டிதான். இன்று முதல்முறையாக நான் சுட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

திருவிருந்து அப்பத்துக்கு உப்புக் கிடையாது. என் கை தானாகப் போட்டிருக்கிறது.

கோவிலிலிருந்து வந்ததும் அப்பா செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். அப்பம் ஒரே உப்பாம். மாலை அண்ணன் வந்து என்னிடம், "அப்பத்துல எவளோ உப்பை அள்ளிக் கொட்டியிருக்கா. பாஸ்டர் மூஞ்சியப் பாக்கணுமே" என்றான்.

அப்பா நிமிர்ந்தார். "உங்களுக்குமா?"

அவனைத்தான் கேட்டார். நேராக.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். "அம்மா எப்பவும் ஒரே மாவுலதான் சுட்டாங்க" என்றேன்.

அண்ணன் சிரித்துவிட்டான். "உங்கம்மா கெட்டிக்காரிடா" என்றார் அப்பா.

நான் தட்டுக் கழுவப் போனேன்.

ஜூன் 12, புதன்

மணியடிப்பவர் வந்தார். ஒரே மாவு என்ற செய்தி அங்கே பரவிவிட்டதாம். இனி நம் சபைக்குத் தனியாகப் பிசைய வேண்டும் என்று மூப்பர் சொல்லியனுப்பியிருக்கிறாராம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து அப்பா: "பிசையறது ஒரு தடவைதான். வேணாம்னா கடையில வாங்கிக்கச் சொல்லுங்க."

ஜூன் 16, ஞாயிறு

மாலை அப்பா தையல் கடை மாடி ஏறினார், பின்னாலேயே நானும். கடைசி வரிசையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பத்தை வாங்கிப் புசித்தார். பாத்திரம் வந்தபோது வாய் வைக்காமல் அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் வாங்கிக் குடித்தான்.

திரும்பும்போது இருவரும் முன்னால் நடந்தார்கள். பாஸ்டர் பிரசங்கத்தை முடிக்கத் தெரியாத மனுசன் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. சொல்லியனுப்ப இப்போது எதுவும் இல்லை. வீடு வரும்வரை என்னிடம் யாரும் பேசவில்லை.

சந்தோஷம்தான். சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆண்டவரே, இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் இதுவரை கேட்கவில்லை. அவர்களில் ஒருவராவது திரும்பிப் பார்த்து, அம்மா இல்லாம உனக்கு எப்படிம்மா இருக்குன்னு ஒரு தடவை என்னைக் கேட்கட்டும்.