சாயங்காலம் ஏறும் பிரஷர்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் எனக்கு இங்கே பொழுது ஓடுகிறது. நாங்களும் சுகம் என்று எழுத வந்தேன், கை வரவில்லை. வார்டுக்கு வெளியே, கதவு வழியாக அப்பா கட்டில் தெரிகிற பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், போனில் பேசினால் அப்பா காதில் விழும், அவருக்குப் பாம்புச் செவி. எழுதி முடித்ததும் நர்ஸம்மாவிடம் சொல்லிப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன்.

ஆபரேஷன் நாளைக்குக் காலையில். அப்பாவின் மூளைக்குள் ரத்தக்குழாய் ஒன்று பலூன் மாதிரி வீங்கி நிற்கிறதே, அதன் கழுத்தில் ஒரு சின்ன கிளிப் மாட்டப் போகிறார்கள். மாட்டும்போது வெடித்துவிடாமல் இருக்க, மருந்து கொடுத்து பிரஷரைக் கொஞ்ச நேரம் இறக்கி வைப்பார்களாம், வீக்கம் தளர்ந்து கொடுக்குமாம். நான் கேட்டதும் சாமியைக் கூப்பிட்டேன். உன் அப்பாவோ ஏதோ வேலைக்கு வந்த இடம் மாதிரி, "அழுத்தத்தைக் கொறச்சா மேல் மாடிக்குத் தண்ணி ஏறாதே டாக்டர்?" என்கிறார். ஆயுசு முழுக்கக் குழாய் வேலை பார்த்தவர் வேறு எப்படிப் பேசுவார். டாக்டர் சிரித்துவிட்டு, "எங்க பயமும் அதுதாங்க, அதனாலதான் கொஞ்ச நேரம் மட்டும், மயக்க டாக்டர் கண்ணெடுக்காமப் பாத்துக்குவார்" என்றார். ரொம்ப இறங்கினால் மூளைக்கு ரத்தம் போதாதாம், ஆபரேஷனுக்கு முன்னால் ஏறினால் வீக்கம் தாங்காதாம். ஏறினாலும் ஆபத்து இறங்கினாலும் ஆபத்து என்றால் மனுஷி எங்கே போய் நிம்மதியாக உட்காருவது. வராந்தாவில் நான் நடக்கிற நடையைப் பார்த்து, பெருக்குகிற அம்மா "தரை தேயுது, உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஏறக் கூடாது என்றுதான் உன்னைப் போன் பண்ண வேண்டாம் என்றேன். பேச ஆரம்பித்தால் "வேலையை விடுங்கப்பா" என்று நீ, "நீ ஒன் வேலையப் பாரு" என்று அவர், இரண்டு பேரும் ஒரே அச்சு. அவர் போனையும் வாங்கி வைக்கப் பார்த்தேன், கொடுக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இன்று நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காலையில் மதியத்தில் எல்லாம் நன்றாக இருக்கிற பிரஷர் சாயங்காலம் மட்டும் ஏன் ஏறுகிறது, யாராவது வந்து தொல்லை கொடுக்கிறார்களா என்று கேட்டாள். யாரும் வரவில்லையே என்றேன். "அந்த நேரத்துல போனையே எடுத்து எடுத்துப் பாக்கறாரே" என்றாள். எனக்குச் சுரீர் என்றது. அது நீ கூப்பிடுகிற நேரம். நான் தடுத்தது அவருக்குத் தெரியாது, மகள் கோபத்தில் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், கேட்க ரோஷம் விடவில்லை. நல்லது செய்கிறேன் என்று நானே அவர் பிரஷரை ஏற்றிவிட்டிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல.

அதனால் இன்று சாயங்காலமே கூப்பிடு. உன் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, எப்படிச் சரி செய்வது என்று கேள், ஒழுகாவிட்டாலும் கேள், அவருக்கு வாய் வந்துவிடும். சண்டை வந்தாலும் வரட்டும் கண்ணு, குரலைக் கேட்டுவிட்டு உள்ளே போகட்டும்.

நீ நூறு வயசு குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டுகிறேன், இன்றைக்கு மட்டும் அந்த வேண்டுதலில் பாதியை அப்பாவுக்கு எடுத்துக்கொள்கிறேன், கோபிக்காதே. வேளைக்குச் சாப்பிடு. நான் எழுதினேன் என்று வாய் தவறியும் சொல்லிவிடாதே. நீயாகவே கூப்பிட்டதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவர் தலையணையையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா