ஐந்தாம் மாதமும் கடைவாய்ப் பல்லும்

2005 ஆகஸ்ட் 8, திங்கள்

விடியும்போதே புழுக்கம். முதல் ஷிப்ட். இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல், இன்றோடு நாலு நாள். கிராம்பு, உப்புத் தண்ணி, திரும்பவும் கிராம்பு. நாக்கு மரத்ததுதான் மிச்சம்.

நாள் பூரா நின்றுகொண்டு வயர் கட்டுகிற வேலை. ஒரு கையில் டேப், ஒரு கை கன்னத்தில். சூப்பர்வைசர் குமரேசன் சார் ரெண்டு தடவை முறைத்தார்.

ஷிப்ட் விட்டதும் நேராக ஸ்ரீபெரும்புதூர். பல் டாக்டர். முக்கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் வயிற்றைப் பார்க்கிறார், வாயைப் பார்க்கவில்லை.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு சார்."

"டெலிவரி ஆகட்டும்மா. அப்புறம் வாங்க."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"உப்புத் தண்ணில கொப்பளிங்க."

"அதைத்தான் நாலு நாளா செய்றேன். வாயைத் திறக்கேன், பாத்துட்டாவது சொல்லுங்க சார்."

அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பென்னலூரில் வீடு வரும்வரை ஷேர் ஆட்டோவில் வலி கூடத் தெரியவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

ஆக. 9, செவ்வாய்

செக்கப். ரெண்டாவது ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தேன். சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம், ஃபேன் ஓடவில்லை. எடை போன மாதத்தை விட ஒன்றரை கிலோ கம்மி. நர்ஸம்மா பிடித்துக்கொண்டார்.

"ஏறவேண்டிய நேரத்துல இறங்குது. சாப்பிடுறியா இல்லியா?"

"மெல்ல முடியலக்கா."

வாயைத் திறந்து காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். "சீழ் வெச்சிருக்கு போல. இங்க பல்லுக்கு ஆள் இல்லம்மா." மெட்ராஸ் பஸ்ஸில் போனால் ஒரு பல் காலேஜ் ஆஸ்பத்திரி என்று சொல்லி, மாத்திரைச் சீட்டின் பின்னால் பஸ் நம்பர் எழுதிக் கொடுத்தார். முதல் ஆள், வாய்க்குள் பார்த்தது.

வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அத்தை: "இன்னாது, வவுத்துல புள்ளய வெச்சிகினு பல்ல புடுங்கறதா? நானுந்தான் மூணு பெத்தேன். வலி வர்லியா? பொறுத்துகினு இருந்தேன்."

"பொறுத்து என்ன ஆச்சு அத்தை?"

அவருக்கு மேல் வரிசையில் மூன்று பல் கிடையாது. கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

இவர்: "அம்மா சொல்றத கேளேன். புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா?"

"நான் பட்டினி கிடந்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதாக்கும்?"

டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஆக. 10, புதன்

கன்னம் வீங்கி இடது கண் சுருங்கிவிட்டது. லேசாகக் காய்ச்சல். பக்கத்து வீட்டு போனில் கம்பெனிக்குச் சொன்னேன். குமரேசன் சார்: "பல்லு வலிக்கெல்லாம் லீவாம்மா?" வைத்துவிட்டேன்.

பல் காலேஜ். வரிசை வரிசையாக நாற்காலி, எல்லாம் படிக்கிற பிள்ளைகள். ஒரு பையன் நன்றாகத்தான் பேசினான். ஆனால் பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் லெட்டர் வேண்டுமாம். வீட்டுக்காரரும் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"லெட்டர் சரி தம்பி. பல்லு என் வாயிலதான இருக்கு, அவரு எதுக்கு?"

கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனான். திரும்பி வந்து, "நீங்களே போடலாம்க்கா, லெட்டர் மட்டும் கொண்டாங்க," என்றான்.

கேட்டால்தான் தெரிகிறது.

ஆக. 11, வியாழன்

மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு, வராமல் போனது. ராகிக் கஞ்சி மூன்று வேளை.

சுகாதார நிலைய டாக்டரம்மா கிளம்புகிற நேரம். "நாளைக்கு வா." "நாளைக்கு அங்க போகணும் மேடம்." வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை. நர்ஸம்மா உள்ளே போய் என்னவோ சொன்னார். அஞ்சு நிமிஷத்தில் லெட்டர். மொத்தம் ரெண்டு வரி. இந்த ரெண்டு வரிக்கா.

ஆக. 12, வெள்ளி

காலை ஆறு மணி. செருப்பு மாட்டும்போது அத்தை வெளியே போகிற புடவையில் வந்து நிற்கிறார். தடுக்கத்தான் என்று நினைத்தேன்.

"தனியா போவாத. நானும் வரேன்."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டார்.

இன்று ஒரு பெரிய டாக்டரம்மா. லெட்டரைப் படித்தார், வாயைப் பார்த்தார். "இவ்ளோ நாள் ஏம்மா வரல?"

"வந்தேன் மேடம். எல்லாரும் திருப்பி அனுப்பிட்டாங்க."

கையுறையை மாட்டிக்கொண்டார். பிறகு, "அஞ்சாம் மாசம்தான் இதுக்கு நல்ல நேரம். சீழை அப்படியே விட்டு வைக்கிறதுதான் ஆபத்து."

அத்தை கதவோரம் நின்று, "ஊசி புள்ளைக்குப் போவாதா டாக்டரம்மா?"

"இது ஒண்ணும் பண்ணாதும்மா. உள்ள வாங்க, பக்கத்துல நில்லுங்க."

வலது இடுப்புக்குக் கீழே சின்னத் தலையணை வைத்து, இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். மூச்சு முட்டாமல் இருக்கவாம். கையெழுத்து: கா. பாண்டிச்செல்வி. முழுசாகப் போட்டேன்.

ஊசி சுருக் என்றது. பிறகு இழுக்கிறது மட்டும் தெரிந்தது. அத்தை என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை சில்லென்று இருந்தது.

முடிந்தது. பத்து நிமிஷம்கூட இல்லை.

வெளியே வந்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு பேச முடியாமல் நான். அத்தை ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "எங்காலத்துல இந்த மாதிரி எடம் கீதுன்னே யாரும் சொல்லல."

ஆக. 14, ஞாயிறு

வீக்கம் பாதி வடிந்தது. தயிர் சோறு ரெண்டு தட்டு. இவர் மாத்திரை வேளையைக் காலண்டரில் எழுதி மாட்டியிருக்கிறார். மன்னிப்பு எல்லாம் கேட்க மாட்டார். சரி, எழுதட்டும்.

ஆக. 17, புதன்

வேலைக்குப் போய் ரெண்டாவது நாள். கேன்டீனில் மீனா, புதுப் பிள்ளை, பரமக்குடிப் பக்கம், தட்டில் சோறு அப்படியே. கன்னத்தில் கை.

"பல்லா?"

தலையாட்டினாள். பிறகு காதோரம், "நாலு மாசம்க்கா. யார்ட்டயும் சொல்லிராதீக." கான்ட்ராக்ட். தெரிந்தால் மறுநாளே நிறுத்திவிடுவார்கள். டாக்டரிடம் போனாளாம். அதே பதில்: பிரசவம் ஆகட்டும்.

லெட்டர் வாங்க வேண்டியதைச் சொல்லி, பஸ் நம்பர் எழுதிக் கொடுத்தேன். மெட்ராஸ் பக்கமே போனதில்லை என்றாள். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆக. 18, வியாழன்

நேற்று ராத்திரி மழை. லைன் பக்கம் தரை ஈரம். நாளைக்கு மீனா காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டாள். என்னுடையது பாக்கி. அவள் பெயர் வெளியே வரக் கூடாது.

குமரேசன் சாரிடம் போனேன். "நாளைக்கு லீவு வேணும் சார். பல் ஆஸ்பத்திரி."

"போன வாரந்தானேம்மா புடுங்கினு வந்த? இன்னும் எத்தினி பல்லு கீது உனக்கு?"

"முப்பத்தொண்ணு சார்."