புழு இல்லாத குழி

1964 ஓகஸ்ட், புதன் இரவு.

நகரத்துக் குப்பையை எரிப்பதா, உக்கவைத்துப் பயிருக்குப் பசளையாக்குவதா என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னுடையது. எரிசூளை வேண்டாம் என்றவன் நான்தான். சந்தைக் குப்பைக்கு ஒரு குழியும் துறைமுகக் குப்பைக்கு ஒரு குழியும் வெட்டுவித்தேன். இரண்டிலும் பசளை கறுப்பாக, நல்ல மண்வாசனையோடு வந்தது.

இன்று இரண்டையும் கிளறினோம். சந்தைக் குழியில் மண்புழு நெளிந்தது. துறைமுகக் குழியில் ஒன்றுகூட இல்லை. லொறிச் சாரதி ஹனீபா நானாவிடம் கேட்டேன்.

"கப்பல்ல எலிக்கு வைக்கிற மருந்துச் சாக்கும் அந்தக் குழிக்குள்ளதான் கொட்டினனாங்கள், ஐயா. சாக்குதானே, உக்கிப்போகும் எண்டு நினைச்சன்."

போன மாதம் அந்தக் குழியிலிருந்து முதல் பசளை மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். கிணற்றடிக் கீரைப்பாத்திக்குப் போட்டேன். மாலை ஓடிவந்து பார்த்தால் பாத்தி வெறுமையாகக் கிடக்கிறது.

"மத்தியானம் கீரைதான் கடைஞ்சனான். பிள்ளை ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டவள்" என்றாள் மனைவி.

வயிறு நோகுதா என்று மகளைக் கேட்டேன். இல்லை என்று சிரித்தாள். படுத்துவிட்டாள். மூச்சு சீராகத்தான் வருகிறது.

இப்போது எழும்பித் தண்ணீர் கேட்கிறாள். வீட்டில் இருப்பது அந்தப் பாத்தியடிக் கிணற்றுத் தண்ணீர்தான்.