மெஷின் மூக்குக்குச் சாம்பிராணி

என் ஆசை மச்சான் கபூருக்கு,

நீ இருக்கிற இடத்துல வெயில் எப்படின்னு எனக்குத் தெரியாது. ஆனா மரக்காணத்து வெயிலைப் பத்தி இனிமே நீ என்னைத்தான் கேக்கணும். வெயில், மழை, காத்து, அந்தக் காத்துல கலந்திருக்கிற கரியமில வாயு, எல்லாத்துக்கும் இப்ப நான்தான் பொறுப்பு. சிரிக்காதடா. நீ சிரிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது.

இந்தக் கடுதாசியை உன் சைக்கிள் கடை ஷட்டர்ல ஒட்டப் போறேன். ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க, நடந்தது என்னன்னு அவங்களும் படிச்சுக்கட்டும். உன் மகன்கிட்ட கேட்டேன். "மாமா, பசை போட்டு ஒட்டாதீங்க, டேப் போடுங்க"ன்னான். உன் ரத்தம்ல, பெயின்ட் மேலதான் கண்ணு.

விஷயம் இதான். நீ கண்ணை மூடின பிறகு, நம்ம உப்பளத்து ஓரத்துல கவர்மென்ட்டு ஒரு மெஷின் நட்டுச்சு. பனைமரம் உயரத்துக்கு ஒரு கம்பம். சரி, பனைங்கன்னு உயரம்னு வெச்சுக்க. உச்சியில சுத்துற கிண்ணம், நடுவுல சோலார் தகடு, நம்ம நெஞ்சு உயரத்துக்கு ஒரு குழாய். அந்தக் குழாய்தான் மூக்கு. அது காத்தை உறிஞ்சி, அதுல கரியமில வாயு எவ்வளவுன்னு பார்த்து டெல்லிக்குச் சொல்லுது. நம்ம நாடு எவ்வளவு புகை விடுது, எவ்வளவு சூடாவுது, கடல் எவ்வளவு ஏறுதுன்னு மத்த நாடுங்களுக்கெல்லாம் கணக்கு காட்டணுமாம். அந்தக் கணக்கு எங்க ஆரம்பிக்குது? நம்ம வரப்புல.

எனக்குக் கொடுத்த வேலை, மாடு உரசாம பார்த்துக்கணும், தகடு மேல படியிற உப்பைத் துடைக்கணும். பேரு வாட்ச்மேன். ஆனா குயிலாப்பாளையத்துல ஒரு வெள்ளைக்காரன் டீக்கடையில கேட்டப்ப, "சீனியர் காத்து ஆபீசர்"னு சொன்னேன். அவன் எழுந்து கை கொடுத்தான். பூமி ஏன் சூடாவுதுன்னும் அவனுக்கு விளக்கினேன். உன் கடை தகரக் கூரைக்குக் கீழ மத்தியானம் நாம வேர்வையில குளிப்போமே, உள்ள வந்த சூடு வெளிய போகாம? அதே கதைதான், கூரை மட்டும் புகையால போட்ட கூரைன்னு சொன்னேன். அவன் வாயைப் பொளந்துட்டான். கொட்டாவியா கூட இருக்கலாம்.

மெஷின் இன்னொரு வேலையும் செய்யுது. மழை வர்ற மாதிரி இருந்தா என் போனுக்கு மெசேஜ் வரும். போன கோடையில என்ன ஆச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். வாரிக் குவிச்ச உப்பு அவ்வளவும் ஒரே மழையில கரைஞ்சு ஓடிச்சு. உப்பு வார்ற பொம்பளைங்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருக்கிற அஞ்சலை, வரப்புல உட்கார்ந்து அன்னைக்கு ஒரு வார்த்தை பேசல. அவ பேசாம இருந்து நாம பார்த்ததே இல்லையே.

இந்தக் கோடையில ஒரு காலையில மெசேஜ் வந்துச்சு. ஓடிப்போய்ச் சொன்னேன். "குவியலை மூடுங்கடி, மழை வருது!"

அஞ்சலை வானத்தைப் பார்த்தா. பஞ்சு கூட இல்ல. "யோவ் ஏழுமலை, மேகம் எங்கய்யா? உன் சட்டைப் பாக்கெட்ல இருக்குதா?"

"போன்ல இருக்குது!"

"அப்ப போனை மூடு."

எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா போன வருஷத்துப் பயம் இருந்துச்சு. முனகிக்கிட்டே தார்ப்பாய் போட்டாங்க, கீத்து சாத்தினாங்க. சாயங்காலம் கொட்டுச்சு பாரு மழை! மறுநாள் தார்ப்பாயைத் தூக்கினா, உப்பு அப்படியே வெள்ளை வெளேர்னு நிக்குது. அஞ்சலை என்னைப் பார்க்கல. நேரா மெஷின்கிட்ட போய்க் கன்னத்துல போட்டுக்கிட்டா.

அங்கதான் ஆரம்பிச்சுது. முதல் உப்பு வார்றதுக்கு முன்னாடி பாத்தி மூலையில நாங்க படைப்போம்ல? உப்பைக் காப்பாத்துன மெஷினுக்கு அது கூட இல்லையான்னு கேட்டாங்க. வெள்ளிக்கிழமை தவறாம கம்பத்துக்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், சூடம், சாம்பிராணி. சட்டியைத் தூக்கிக் காட்டுறது நான். சாமிக்கு எங்க காட்டுவோம்? முகத்துக்கு நேரா. நானும் மூக்குக்கு நேராவே காட்டினேன். குழாய் சர்ருனு இழுத்துக்கிச்சு. "ஏத்துக்கிச்சு, ஏத்துக்கிச்சு"ன்னு ஒரே குலவை.

கொஞ்ச நாள்ல மெட்ராஸ் ஆபீஸ்ல இருந்து மேடம் போன் பண்ணாங்க. "ஏழுமலை சார், அங்க பக்கத்துல ஏதாவது ஃபேக்டரி வந்திருக்கா? வெள்ளிக்கிழமை காலையில மட்டும் கரியமில வாயு தாறுமாறா ஏறுதே?"

சார்னு கூப்பிட்டாங்கடா. நான் சும்மா இருப்பேனா? "நானும் கவனிச்சிட்டுதான் இருக்கேன் மேடம், ரகசியமா விசாரிக்கிறேன்"னேன். பிரம்மதேசம் வரைக்கும் சைக்கிள் மிதிச்சேன், செங்கல் சூளை ஏதாவது புகையுதான்னு. அங்க ஒரு ஆயா நெல்லு அவிச்சிட்டு இருந்தாங்க, அவங்களைச் சந்தேகப் பட்டியல்ல சேர்த்தேன். மெயின் ரோட்டு பஸ்ஸைச் சேர்த்தேன். மன்னிச்சுக்க, உங்க தெருவுல ஜும்மா அன்னைக்குப் போடுற பிரியாணி அண்டாவையும் சேர்த்தேன். நாட்டுக்காக நட்பைப் பார்க்கக் கூடாது.

மேடத்துக்கு ஒண்ணும் ஒத்து வரல. "காரணம் கிடைக்கலன்னா இந்த இடம் சுத்தமில்லன்னு அர்த்தம் சார். மெஷினை வேற கடற்கரைக்கு மாத்திடுவாங்க. வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்"னு சொல்லிட்டாங்க.

மச்சான், அப்பதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலை போறதை விடு. மெஷின் போயிட்டா மழைச் செய்தி ஏது? மறுபடியும் உப்பு கரையும், அஞ்சலை மறுபடியும் பேசாம உட்காருவா. அவ கிட்ட போய்ச் சொன்னேன். "பெருசா படைச்சிடுவோம்யா. மெஷினே போகமாட்டேன்னு சொல்லிடும்."

அதை விட நல்ல யோசனை எனக்கும் தோணல.

வெள்ளிக்கிழமை மேடம் ஜீப்ல இருந்து இறங்கி, வரப்புலயே லேப்டாப்பைத் திறந்தாங்க. காலேஜ் முடிச்சு இப்பதான் வந்த மாதிரி சின்னப் பொண்ணு. "வாயுக் கோடு நல்லாதான் இருக்குது"ன்னாங்க. அதே நேரம் வரிசைக்குப் பத்து பேர்னு பொம்பளைங்க வந்தாங்க. சூடம் கட்டி கட்டியா எரியுது. நான் ரெண்டு கையிலயும் ரெண்டு சட்டி சாம்பிராணி ஏந்தி, மூக்குக்கு நேரா நின்னு, "தாயே, எங்களை விட்டுப் போகாத"ன்னு மூணு சுத்து சுத்தினேன்.

லேப்டாப்புல கோடு தென்னை மரம் ஏறுற மாதிரி ஏறுது. மேடம் கோட்டைப் பார்த்தாங்க. சட்டியைப் பார்த்தாங்க. குழாயைப் பார்த்தாங்க. கடைசியா என்னைப் பார்த்தாங்க.

"சார்... இது எவ்வளவு நாளா நடக்குது?"

"தவறினதே இல்ல மேடம்!"ன்னேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவங்க வரப்புலயே உட்கார்ந்துட்டாங்க. அழுறாங்களோன்னு நினைச்சேன். சிரிப்புடா. கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு. டெல்லியில பெரிய பெரிய ஆளுங்க மேப்பை விரிச்சு வெச்சுக்கிட்டு, மரக்காணத்துல எவன் திருட்டு ஃபேக்டரி நடத்துறான்னு தேடிட்டு இருக்காங்களாம். அந்த ஃபேக்டரி நான்தான்! மண்டை காய்ஞ்சு போச்சாம் அவங்களுக்கெல்லாம். ஒரு தனி மனுஷன் இவ்வளவு பண்ண முடியுமா, சொல்லு.

சிரிச்சு முடிச்சிட்டு, "இனிமே படைக்கக் கூடாதும்மா"ன்னாங்க.

அஞ்சலை இடுப்புல கை வெச்சா. "ஏம்மா, சூடம் காட்டாத மெஷின் பேச்சை நாங்க எப்படி நம்புறது? நாளைக்கு அது மழைன்னு சொல்லும். வெயில்ல காஞ்சிட்டு இருக்கிற நாங்க வாருறதை நிறுத்திட்டுத் தார்ப்பாய் தூக்கணும். மனசு வரணும்ல?"

மேடம் திரும்பி உப்புக் குவியலைப் பார்த்தாங்க. ஊரு நம்பாத மெஷின் டெல்லிக்கு மட்டும் பேசி என்ன பிரயோஜனம்னு அவங்களுக்கும் தோணியிருக்கும். அப்புறம் அங்கிருந்தே டெல்லிக்குப் போன் போட்டு, இங்கிலீஷ்ல சண்டை மாதிரி ஏதோ பேசினாங்க. நடுவுல "ஏழுமலை"ன்னு என் பேரு வந்துச்சு. நாலு தடவை. ரெண்டு தடவையாவது வந்துச்சு.

முடிவு என்னன்னா, மெஷின் இங்கயே இருக்குது. படையலும் நடக்குது, ஆனா காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமா தள்ளி நின்னு. அதனால எங்க சாமிக்கு வாரம் ஒரு வாசல். ஒரு வாரம் கடல் பக்கம், ஒரு வாரம் ரோட்டுப் பக்கம், அஞ்சலை தட்டைத் தூக்கிக்கிட்டுக் கம்பத்தைச் சுத்தி வர்றா. சூடம் கொளுத்துறதுக்கு முன்னாடி நான் ஆபீசுக்குப் போன் பண்ணணும். "ஆரம்பிக்கிறேன்"ம்பேன். "சரி சார்"ம்பாங்க. முடிச்சிட்டு "முடிஞ்சுது"ம்பேன். அந்த அரை மணி நேரத்தைக் கணக்குல இருந்து எடுத்துடுவாங்க. இந்திய தேசமே என் சூடம் அணையக் காத்திருக்குதுடா கபூரு!

கிளம்புறப்ப மேடம் இன்னொண்ணும் சொன்னாங்க. மத்த நேரத்துல குழாய்க்கிட்ட நின்னு பேசக் கூடாதாம். நாம விடுற மூச்சு கூட அதுல ஏறுமாம். அதைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம் வந்துச்சு. நீ போனதுல இருந்து நான் அங்க போய்தான் தனியா பேசிட்டு இருந்தேன். யாருகிட்டன்னு கேக்காத.

அதனால ஒரு வாக்கு கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை பொம்பளைங்க படைச்சு முடிச்சு நகர்ந்ததும், நான் உடனே "முடிஞ்சுது"ன்னு போன் பண்ணப் போறதில்ல. கம்பத்தடியில உட்காருவேன். வாரத்துச் செய்தி எல்லாம் உனக்குச் சொல்லுவேன், மூச்சு முட்ட முட்ட. தேசம் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.

உன் வாப்பாவே மாப்பிள்ளைன்னு கூப்பிட்ட
உன் மச்சான்,
ஏழுமலை