நான்காவது ராணியின் பாட்டு

அன்புள்ள அக்காவுக்கு, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, அத்தானிடம்கூட. அவர் நல்லவர்தான், ஆனால் அப்பாவுடன் போனில் பேசும்போது எதையாவது உளறிவிடுவார். நீயும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் ஒன்று உனக்கு வரும், அதை அப்பா படித்துப் பார்த்துத்தான் உறையை ஒட்டினார். இது அவருக்குத் தெரியாமல் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுவது. இருமல் நிற்கும்வரை குட்டிக்கு ஐஸ் கொடுக்காதே என்று அம்மா சொன்னாள், அதை அந்தக் கடிதத்தில் எழுத மறந்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் ஓர் இசை நாடகம் போடுகிறோம். சரித்திரத்தில் வாழ்ந்த ஐந்து ராணிகள் இந்தக் காலத்துப் பியூட்டி பார்லர் ஒன்றில் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள், ஒவ்வொருத்தியாக எழுந்து கிதாரும் டிரம்ஸுமாகத் தன் கதையைப் பாடுவாள். நான் நான்காவது ராணி, புருஷனே பல வருஷம் கோட்டைக்குள் பூட்டி வைத்தவள். புத்தகத்தில் அவளைப் பற்றி நாலு வரிதான் இருந்தது. ராஜா என்ன பேசியிருப்பான், அவள் என்ன நினைத்திருப்பாள் என்று நீங்களே யோசித்து எழுதுங்கள் என்றார் பாட்டு மிஸ். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை அக்கா. “வெளிய என்ன வெச்சிருக்கு உனக்கு? நான் எதுல குறை வெச்சேன்?” என்று ராஜாவைப் பேச வைத்தேன். ராஜாவாக நடிக்கும் என் சிநேகிதி சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே அதைச் சொல்வாள், ஒத்திகையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போது கேன்டீனில்கூட “என்னடி, நான் எதுல குறை வெச்சேன்?” என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். நானும் சிரிப்பேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ராணி தப்பிக்க ஒரு வழி வேண்டுமே, அதற்காக அவள் மாவு டப்பாவுக்குள் சாவி ஒளித்து வைத்திருப்பதாகப் பாட்டின் கடைசியில் எழுதிவிட்டேன். ஆமாம் அக்கா, கீழ்வீட்டுத் தையல்காரம்மா மூலமாக நீ செய்து கொடுத்த மாற்றுச் சாவியை அம்மா வைத்திருக்கும் அதே இடம். அப்பா கதவைப் பூட்டிவிட்டுப் போனாலும் உள்ளிருந்து திறந்துகொண்டு நாங்கள் உன்னிடம் வர அது ஒன்றுதான் இருக்கிறது. எழுதும்போது நம் வீடு என்றே தோன்றவில்லை, பாட்டுக்குப் பொருந்தியது, மிஸ் கைதட்டினார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அப்பா நாடகம் பார்க்க வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஊரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் அவர்தானே, பள்ளியில் அவரையே பேசிவிட்டார்கள். “என் பொண்ணு பாடறா, காசெல்லாம் வேணாம் டீச்சர்” என்று சிரித்தார். “உங்கப்பா எவ்ளோ ஸ்வீட்டுடி” என்று தோழிகள் என் கையைக் கிள்ளினார்கள். யார் எப்போது பாடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்தந்த மைக்கைத் திறக்க முடியுமாம், அதனால் ஒத்திகையில் பதிவு செய்த பாட்டுகளை மிஸ் இன்று மாலை அவரிடம் கொடுத்துவிட்டார். நான் வாங்கி வைக்கக் கை நீட்டினேன், “உனக்கெதுக்கும்மா, அப்பா பாத்துக்கறேன்” என்றார்.

இப்போது கூடத்தில் உட்கார்ந்து அதைத்தான் கேட்கிறார். சமையலறைக்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தண்ணீர் குடிக்க என்று ஒருமுறை எழுந்து போனேன், “எதுக்கு உள்ள போற, இங்கயே இருக்கு பாரு” என்று தன் பாட்டிலை நீட்டினார். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் தூங்குகிறாள். எழுப்பத் தோளைத் தொட்டுவிட்டு இரண்டு தடவை கையை எடுத்துக்கொண்டேன், எழுப்பி என்ன சொல்வேன்? உன் பேரைச் சொல்லி நன்றாயிருக்கட்டும் என்றுதான் படுத்தாள். இந்தக் கடிதத்தை ராஜாவாக நடிக்கிறவள் தபாலில் சேர்த்துவிடுவாள். கிடைத்ததும் போன் பண்ணாதே, நேரில் வா. எல்லோரும் நன்றாயிருக்கிறோம் என்று அப்பா சொன்னால் நம்பாதே, நானே சொன்னாலும் நம்பாதே. குட்டிக்கு என்

மூன்றாவது ராணி முடிந்துவிட்டாள். இப்போது என் குரல் கேட்கிறது அக்கா. டப்பா வரி வந்துவிட்டது. நிறுத்திவிட்டார். திரும்பவும் அதே வரியைப் போடுகிறார். இப்போது சத்தமே இல்லை. கதவைத் தட்டுகிறார். குரலில் கோபம்கூட இல்லை, “ராணிம்மா, தூங்கிட்டீங்களா?” என்று